ஒரு சோடிச் சப்பாத்து, ஒரு நீலச் சைக்கிள்

யாழ்ப்பாணத்து ஆண்களுக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. எங்கே ஒரு சைக்கிள் நின்றாலும், தன்னுடையதோ பிறத்தியாருடையதோ, ஆளோடு கதைத்துக்கொண்டே பெருவிரலால் டயரை ஒருமுறை அமத்திப் பார்ப்பார்கள். காற்று இருக்கிறதா என்று அறிவதற்கு. அறிந்து என்ன செய்யப்போகிறோம் என்று ஒருவரும் யோசிப்பதில்லை. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம், தோட்டம், சந்தை, கோயில் எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். அப்போது தொற்றிய வியாதி.

ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் குடியேறி முப்பது வருடம் தாண்டியும் அது என்னை விடவில்லை. இங்கும் ஊர் முழுக்கச் சைக்கிள்கள். ஒருநாள் ரயில் நிலைய வாசலில் ஒரு பெண், "என் சைக்கிளில் உங்களுக்கு என்ன வேலை?" என்று அதட்டினாள். காற்றுக் குறைவாக இருக்கிறது என்றேன். அவளும் அமத்திப் பார்த்தாள். குறைவாகத்தான் இருந்தது.

மகள் தனக்குப் பிடித்தவனை முதன்முதல் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றும் இதுதான் நடந்தது. அவள் டார்ம்ஸ்டாட்டில் படித்து, அங்கேயே ஒரு நிறுவனத்தில் பொறியியலாளராக இருக்கிறாள். அவனுக்கும் அதே இடத்தில் வேலை. ஒஸ்ரேலியாக்காரன், நெடுவல், சிவந்த மூக்கு. ரயிலில் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். கதவு திறக்கக் கீழே போன நான், அவனுக்குக் கை கொடுப்பதற்கு முன்பே முன் டயரை அமத்திவிட்டேன். கல்லு மாதிரி இருந்தது. எனக்கு அது போதும். காற்றை ஒழுங்காக வைத்திருக்கிறவன் மற்றதையும் ஒழுங்காக வைத்திருப்பான் என்று அன்றே முடிவு கட்டிவிட்டேன்.

மனைவி அவ்வளவு சுருக்கமாக முடிவு கட்டுகிற ஆள் இல்லை. அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். கோயில் திருவிழாவில் அன்னதானச் சமையலுக்கும் அவள்தான் முன்னுக்கு நிற்பாள். யார் வீட்டுப் பிள்ளை யாரைக் கட்டியது, அந்தப் பக்கத்துச் சனம் எப்படி என்று கேட்டால் மூன்று தலைமுறைக்குச் சொல்லுவாள். பெயர் போடாவிட்டால் தன்னைப் பற்றி என்னவும் எழுதலாம் என்று எனக்கு அனுமதி தந்திருக்கிறாள். அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

அவளுக்கு அவனை ஏற்றுக்கொள்ள ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. முதலில் வெள்ளைக்காரன் என்பது தொண்டையில் சிக்கியது. அதை ஒருவாறு விழுங்கினால் சைவ சமயம் இல்லை என்பது வந்து நின்றது. பிறகு மாட்டிறைச்சி. அவனோ ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து இருந்து, கையால் புட்டுக் குழைத்துச் சாப்பிட்டான். "காணும் அம்மா" என்று சொல்லப் பழகினான். அப்படிச் சொன்னாலும் மூன்று கரண்டி கூடத்தான் விழும் என்பதையும் பழகினான். கடைசியில் மனைவி இறங்கி வந்தாள். ஆவணியில் கோயிலில் கலியாணம் என்று பேசி, ஐயரிடம் ஒரு நாளும் கேட்டு வைத்தோம்.

எங்கள் கலியாணத்தில் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுப்பார்கள். தகப்பன் பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க, தாய் பக்கத்தில் நின்று தண்ணீர் வார்க்க வேண்டும். தாய் உயிரோடு இருந்தும் அந்த இடத்தில் நிற்காவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அதைவிட அவமானம் இல்லை. இதைச் சொல்லிவைத்தால்தான் பிறகு நடந்தது விளங்கும்.

மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் வைகாசியில் தஸ்மேனியாவிலிருந்து எங்களைப் பார்க்க வந்தார்கள். சனிக்கிழமைப் பின்னேரம். மனைவி விடிய எழும்பி ரோல்ஸ், கட்லட், உளுந்து வடை, கேக் என்று மேசையை நிறைத்துவிட்டாள். தகப்பன் அதிகம் பேசாதவர். வடையைக் கண்டதும் பேச்சை முழுதாக நிறுத்திக்கொண்டார். தாய் ஓய்வுபெற்ற ஆசிரியை. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. தேத்தண்ணீர் முடிந்ததும் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேசையில் வைத்தார்.

"நாங்கள் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் குடும்பப் படங்கள் வரப்போகின்றன என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன். வந்தது இருநூறு வருடப் பழைய நீதிமன்றப் பத்திரம் ஒன்றின் பிரதி. லண்டனில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண், வயது பத்தொன்பது. ஒரு வாசற்படியில் கழற்றி வைத்திருந்த ஒரு சோடிச் சப்பாத்தைக் களவெடுத்தாள். தீர்ப்பு, ஏழு வருடம் நாடு கடத்தல். கப்பலேற்றி, அப்போது கைதிகளைக் கொண்டுபோய் விடுகிற இடமான ஒஸ்ரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஏழு வருடம் முடிந்தால் திரும்பி வரலாம். ஆனால் போகும்போதுதான் அரசாங்கச் செலவு, வருவதற்குச் சொந்தச் செலவு. அவள் வரவில்லை. அங்கேயே ஒருவனைக் கட்டி, பிள்ளை பெற்று, அந்த வழியில் வந்தவர்கள்தான் இவர்கள்.

அந்தப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார்களாம். படத்தையும் தொலைபேசியில் காட்டினார். நாங்கள் பிள்ளையார் மாட்டுகிற இடம். அங்கே எல்லாரும் இப்படி ஒரு முன்னோர் கிடைப்பாரா என்று ஆவணக் காப்பகங்களைத் தோண்டிக்கொண்டிருப்பார்களாம். கிடைக்காதவர்களுக்கு மனக்குறையாம். சொல்லிவிட்டு மேசை அதிரச் சிரித்தார்.

மனைவிக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. "என்ன பிள்ளை சொல்லுறா?" என்று மகளைக் கேட்டாள்.

மகள் ஜெர்மனியில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தமிழ் நல்ல தமிழ். ஆனால் பூசி மெழுகத் தெரியாத தமிழ். "அவையின்ட பூட்டியின்ட பூட்டி களவெடுத்தவவாம் அம்மா. அதுக்காக ஒஸ்ரேலியாவுக்கு அனுப்பினவையாம். அவைக்கு அது சரியான பெருமை" என்றாள்.

ரோல்ஸ் தட்டோடு நீட்டிய கை அப்படியே நின்றது. மனைவி சிரித்தாள். விருந்தாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு அது. முப்பது வருடம் கூட இருந்தவனுக்கு வித்தியாசம் தெரியும்.

நான் அந்தப் பத்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சப்பாத்துக்காரி சொன்ன சாட்சியமும் இருந்தது. அவள் துணி வெளுக்கிறவள். வெளுத்த துணியைக் கொடுக்க ஒரு வீட்டுக்குள் போனாள், வந்து பார்த்தால் சப்பாத்து இல்லை. இரண்டு வரி. அவ்வளவுதான் அவளுடைய பங்கு. இந்தப் பெண் வெறுங்காலோடு எப்படி வீட்டுக்குப் போனாள் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கேட்கவில்லை. களவு என்ற விஷயத்தில் நான் வாய் திறப்பதில்லை.

அவர்கள் போன பிறகு மனைவி கோப்பைகளைக் கழுவினாள். நான் துடைத்தேன். மகள் அவர்களை ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள்.

"வெள்ளை எண்டதுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை" என்று மனைவி தொடங்கினாள். "சைவம் இல்லை எண்டதையும் விட்டிட்டன். ஆனால் கள்ளியைக் கொண்டுபோய் வாசலில மாட்டி வைச்சிருக்கிற சனமோ? எங்கட ஆக்கள் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"இருநூறு வருசத்துக்கு முந்தின கதையப்பா. அதுவும் ஒரு துணி வெளுக்கிறவ வாசலில கழட்டி வைச்ச ஒரு சோடிச் சப்பாத்து."

"சப்பாத்தோ சங்கிலியோ, களவு களவுதான். இஞ்சேருங்கோ, உங்கட பக்கத்திலயும் சரி, என்ர பக்கத்திலயும் சரி, பொலிஸ் வாசலை மிதிச்ச ஒரு ஆளைக் காட்டுங்கோ பாப்பம்."

நான் ஒரு கோப்பையை எடுத்து மிக நன்றாகத் துடைத்தேன். துடைத்ததையே திரும்பவும் துடைத்தேன். அவள் கேட்ட அந்த ஆள் அவளுக்குப் பக்கத்தில் துவாயோடு நின்றான்.

அவள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் நடந்த கதை. நான் அகதியாக வந்து இறங்கியதும், கறுப்புக்காட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் பழைய விடுதி ஒன்றில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு அறையில் நாலு தமிழர். பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. எங்களுக்கு அங்கே ஒரேயொரு கொண்டாட்டம் ஸ்பெர்முல். வருடத்தில் சில நாட்கள், வீட்டுக்காரர்கள் வேண்டாத சாமானையெல்லாம் வாசலில் குவித்து வைப்பார்கள். மறுநாள் லொறி வந்து அள்ளும். லொறிக்கு முதல் நாங்கள் அள்ளுவோம். கதிரை, மெத்தை, ரேடியோ, அலுமாரி. நல்ல சாமானைத் தெருவில் எறிகிற சனத்தைக் கண்டு முதலில் திகைத்தோம். பிறகு பழகிவிட்டோம். எங்கள் அறையில் இருந்தது எல்லாம் அப்படி வந்ததுதான்.

ஒக்டோபர் கடைசியில் அப்படி ஒரு நாள். ஒரு வீட்டு வேலியோரம் பெரிய குவியல். அதன் ஓரத்தில், வேலியில் சாய்த்தபடி ஒரு நீலச் சைக்கிள். பெண்கள் ஓடுகிறது, முன்னால் பெரிய கூடை. எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய சந்தோஷம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. பக்கத்து ஊர் ஜெர்மன் வகுப்புக்கு அதில்தான் போனேன். இறக்கத்தில் கையை விட்டுவிட்டு ஓடுவேன். ஊரில் எனக்கென்று பேசிவைத்திருந்த பெண்ணுக்கு எழுதிய கடிதங்களை அதில்தான் தபாலில் போட்டேன். அந்தப் பெண்தான் இப்போது கோப்பை கழுவுகிறவள்.

பெப்ரவரியில் வெதுப்பக வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பாண் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், ஒரு அம்மா அதன் ஹாண்டிலைப் பிடித்தபடி நிற்கிறா. அறுபது வயதிருக்கும். கத்தவில்லை. பிடித்த பிடியை விடவும் இல்லை. யாரோ பொலிஸைக் கூப்பிட்டார்கள். எங்கே எடுத்தாய் என்று பொலிஸ்காரர் கேட்டார். என்னிடம் அதற்கு ஒரு சொல்தான் இருந்தது. "ஸ்பெர்முல்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பிறகுதான் அறிந்தேன், அது அந்த அம்மாவின் வீடு; மிச்சக் குப்பையை எடுத்துவரச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போயிருந்தாவாம். அந்த ஊருக்குப் பேப்பர் போடுகிறவ அவதான். அவ என்னைப் பார்த்து ஏதோ நீளமாகச் சொன்னா. எனக்கு இரண்டு துண்டுதான் விளங்கியது. "நாலு மாதம்", "நடந்து". அந்தக் கிழமைதான் வகுப்பில் பஸ்ஸில், ரயிலில், நடந்து என்று படிப்பித்திருந்தார்கள்.

சில கிழமையில் மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த தமிழர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எல்லாருடைய கடிதத்தையும் வாசித்துச் சொல்லுவார். ஆனால் அவர் ஒரு கடிதத்தை வாசித்தால் பிறகு பத்து ஊர் வாசிக்கும். நான் அந்த உறையைச் சுவாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டேன். கடைசியில் அகராதியை வைத்துக்கொண்டு நானே தனிய வாசித்தேன். களவு, குற்றம், அபராதம். மறுத்துச் சொல்லத் தந்த இரண்டு கிழமை அதற்குள் முடிந்திருந்தது.

அபராதத்தைக் கட்டினேன். பயம்தான் கட்டி முடியவில்லை. களவெடுத்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று விடுதியில் கதை உலாவியது. ஊரில் சண்டை நடக்கிறது. அந்த லண்டன் பெண்ணை நாட்டை விட்டு அனுப்பித் தண்டித்தார்கள்; என்னைச் சொந்த நாட்டுக்கு அனுப்பித் தண்டிப்பார்கள் போல இருந்தது. கதவு தட்டினால் நான் போய்த் திறப்பதில்லை. யாரும் அனுப்பவில்லை. அகதி அந்தஸ்துக் கிடைத்தது, கார்ல்ஸ்ரூஹேயில் கதவு யன்னல் செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்தும் வேலை கிடைத்தது, மனைவி வந்தாள், மகள் பிறந்தாள். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனைவியும் மகளும் ஜெர்மன் குடியுரிமை எடுத்த பிறகும் நான் பல வருடம் எடுக்கவில்லை. அந்த அன்ட்ராக் விண்ணப்பத்தை நிரப்பினால் பழைய களவு வெளியே வரும் என்ற பயம். கேட்டவர்களுக்கு, "நான் யாழ்ப்பாணத்தான், அப்படியே இருந்திட்டுப் போறன்" என்று சொல்லிவைத்தேன். ஊர்ச் சங்கக் கூட்டத்தில் ஒருவர் என்னை எடுத்துக்காட்டாகச் சொல்லிப் பேசினார். மண்பற்று என்றால் இதுதான் என்றார். கை தட்டினார்கள். மனைவி முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒருநாள் குடியுரிமை அலுவலகத்தில், ஒரு நண்பருக்காகக் கேட்கிறேன் என்று கதை விட்டு விசாரித்தேன். அவ்வளவு சின்ன அபராதம் எப்போதுமே தடையாக இருந்திருக்காது, பதிவும் எப்போதோ அழிந்துபோயிருக்கும் என்றாள் அங்கிருந்த பெண். நண்பருக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னாள்.

நாடு மறந்துவிட்டது. நான்தான் சுவாமிப் படத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டிருந்தேன்.

விருந்தாளிகள் ஊருக்குப் போய் ஒரு கிழமையில் மனைவி தீர்ப்பைச் சொன்னாள். அவர்கள் இருவரும் பதிவுத் திருமணம் செய்யட்டும், தான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கோயிலில் வந்து தண்ணீர் வார்க்கத் தன்னால் ஏலாது. மகள் தொலைபேசியில் அழுதாள். "அம்மா நிக்காட்டி எனக்குக் கோயில் கலியாணமே வேண்டாம் அப்பா. வேற ஆரையும் வைச்சு வார்க்க விடமாட்டன்" என்றாள். தாயும் மகளும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதற்குள் வேறொரு குடும்பம் அதே நாளைக் கேட்டிருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லுங்கோ என்று ஐயர் அறிவித்தார்.

என் மகள் சின்ன வயதிலிருந்து எதற்கும் அடம் பிடித்தவள் அல்ல. கேட்ட ஒரேயொன்றும் தாய் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதுதான். வாசலில் களவை மாட்டி வைத்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை, ஒளித்து வைத்தவனின் மகள் அழ வேண்டியிருக்கிறது என்று நினைக்க எனக்கு என்மேல் சரியான எரிச்சல் வந்தது. புதன்கிழமை அரை நாள் விடுப்பெடுத்துக்கொண்டு வரச்சொல்லி மகளைக் கூப்பிட்டேன்.

மனைவி சமையலறை மேசையில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள். மகள் வந்து எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். விடுதி, ஸ்பெர்முல், வேலி, நீலச் சைக்கிள், பொலிஸ், மஞ்சள் உறை. மனைவியின் கத்தி பாதியில் நின்றுவிட்டது.

முதலில் கொதித்தவள் மகள். "அப்பா! அது களவே இல்லை. நீங்கள் அது குப்பை எண்டு நினைச்சுத்தானே எடுத்தனீங்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர் கூட வைக்காமல் எப்பிடித் தண்டிப்பினம்? இது அநியாயம்."

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "இதைப் போய் இவ்வளவு காலமும் ஒளிச்சு வைச்சிருந்தனீங்களே, விசர் மனுசன்" என்றாள். "எறிஞ்ச சாமானை எடுத்தது களவோ? அந்தக் கள்ளி வாசலில இருந்ததையெல்லே எடுத்தவள். ரெண்டும் ஒண்டோ?"

அத்தோடு நான் வாயை மூடியிருந்தால் எனக்கு ஒரு குறையும் வந்திராது. மனைவியும் மகளுமே என்னை விடுதலை செய்துவிட்டார்கள். நானும் அத்தனை வருடமாக எனக்குச் சொல்லிவந்த கதை அதுதான். ஆனால் அந்தக் கதையில் நான் நல்லவனாக இருக்கும் மட்டும் லண்டன் பெண் கள்ளிதான். அவள் கள்ளியாக இருக்கும் மட்டும் மனைவி கோயிலுக்கு வரப்போவதில்லை.

"அப்பிடி இல்லை" என்றேன். "எடுக்க முதல் ரயரை அமத்திப் பார்த்தனான்."

மகள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். மனைவி பார்த்த பார்வை வேறு. அவள் யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய் வந்தவள்.

"காத்து இருந்ததோ?" என்று கேட்டாள்.

"ரெண்டிலயும் இருந்தது. கல்லு மாதிரி."

எறிகிற சைக்கிளுக்கு ஒருவரும் காற்றடிப்பதில்லை. அன்று வேலியோரம் என் பெருவிரல் அதைச் சொன்னது. கூடைக்குள் மழைக்குப் பேப்பர் மூடுகிற பொலித்தீனும் மடித்து இருந்தது. வீட்டு வாசல் திறந்து கிடந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஏறி மிதித்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மகளுக்கும் சேர்த்து இதை விளக்கிச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்க அருவருப்பாக இருந்தது.

மனைவி இன்னும் நாலைந்து போஞ்சியை எடுத்து வெட்டினாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"அப்ப அந்த மண்பற்று?"

"பயம்."

"கை தட்டினவையே."

"ஓம். தட்டினவை."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மனைவி சிரிக்கவில்லை. வெட்டிய போஞ்சியைச் சட்டியில் தள்ளிவிட்டு எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள்.

"நாளைக்கு எனக்கு வேலை இல்லை" என்றாள். "அந்த இடத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ."

வியாழக்கிழமை ரயிலில் போய், பிறகு பஸ் எடுத்தோம். விடுதி இப்போது சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடும் வீடுகளாகியிருந்தது. வேலி இருந்த இடத்தில் ஒரு சின்ன மதில். அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ தெரியாது. அந்த அம்மா இப்போது உயிரோடு இருக்கச் சாத்தியமில்லை. இதுதான் இடம் என்றேன். பார்க்க ஒன்றும் இல்லை. திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன்.

மனைவி வீடுகளின் வாசல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படலையிலும் தபால் பெட்டிக்குக் கீழே பேப்பர் செருகுகிற குழாய் ஒன்று இருந்தது. "இதில எல்லாமோ போட்டவ?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அவள் மேட்டுத் தெருவில் ஏறத் தொடங்கினாள். அவளுக்கு இடது முழங்காலில் நோ. வேண்டாம் என்று சொன்னால் கேட்கிறவளும் இல்லை. நான் பின்னால் போனேன். தெரு வளைந்து வளைந்து ஏறியது. சைக்கிளில் கையை விட்டுவிட்டு இறங்கிய தெரு அது. நடந்து ஏறும்போதுதான் அதன் நீளம் தெரிந்தது. வீடுகள் ஒன்றுக்கொன்று தூரம். பாதிக்கு மேல் போனதும் மூச்சு வாங்க ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப எடுத்தனீங்கள் எண்டு சொன்னனீங்கள்?"

"ஒக்டோபர் கடைசி."

"பிடிபட்டது பெப்ரவரி."

"ஓம்."

"அப்ப பனிக்காலம் முழுக்க."

"ஓம்" என்றேன். அந்த அம்மா "நடந்து" என்று சொன்னபோது எனக்கு அந்தச் சொல் மட்டும்தான் விளங்கியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் பயந்திருக்கிறேன், வெட்கப்பட்டது அன்றுதான்.

இறங்கி வந்து பஸ் தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்தோம். அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்தாள். மகளுக்கு எடுக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஐயா, நான்தான். ஓம். அந்த நாளை எங்களுக்கே வையுங்கோ. ஓம் ஐயா, தாய் தகப்பன் ரெண்டு பேரும் நிப்பம்."

தொலைபேசியைப் பைக்குள் வைத்துப் பூட்டினாள். என்னைப் பார்க்கவில்லை. மேட்டுத் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலியாணத்துக்கு மாப்பிள்ளையின்ட தாய் வரேக்க நான் ஒண்டு கேப்பன்" என்றாள். "நீங்கள்தான் இங்கிலீசில சொல்ல வேணும்."

"என்ன கேக்கப் போறீர்?"

"சப்பாத்துப் போனவ அண்டைக்கு வீட்டை எப்பிடிப் போய்ச் சேர்ந்தவ எண்டு."